எழுபத்திரண்டு கண்ணாடி, மூன்று தண்ணீர்

என் அக்காவின் கணவரைக் கம்பெனியில் எல்லோரும் முகத்துக்கு நேரே மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அரை இன்ச் என்பார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனி அது. அவர் அங்கே கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை நீள மேஜையில் விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே வெட்டில் நூறு சட்டைக்கான கையை வெட்டி எடுக்கும் வேலை. கோடு அரை இன்ச் நகர்ந்தால் நூறு சட்டையும் போச்சு. முப்பத்தோரு வருஷத்தில் அப்படிப் போனது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் மேஜைதான் ஆடியது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

எனக்கு அவரைப் பல வருஷமாகப் பிடிக்காது. ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கத்தல் கிடையாது. ஆனால் யாரையும் எதையும் கேட்க மாட்டார். வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் ஒரு நாள் காலையில் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார். என்ன நிறம் வேண்டும் என்று அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். சரியாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. சரியாகவே இருக்கும் மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அக்கா ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சோதனை செய்கிற வேலை இல்லை, கழுவுகிற வேலை. குழாய், குடுவை, சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டு, எல்லாம் அவள் கைக்கு வந்து சுத்தமாகித் திரும்பிப் போகும். முதல் தண்ணீரில் சோப்பு, இரண்டாவதில் அலசல், மூன்றாவது வெறும் நல்ல தண்ணீர். வெந்நீர் ஆவியும் மருந்து நெடியும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டாள். குளிர் காற்றும் ஆகாது, தூசியும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன குளிர்காலம் முழுக்க, மூன்றரை மாதம், பின்பக்கத்துப் படுக்கையறையிலேயே கிடந்தாள். ஜன்னல் இடுக்குகளில் மாமா டேப் ஒட்டியிருந்தார். ஒரு கட்டில், ஒரு அலமாரி, மருந்து வைக்க ஒரு ஸ்டூல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கூரை. மகள் வேறு ஊரில் வேலையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான் ஒரு ஃபர்னிச்சர் கடையில் வேன் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன். போகப் போக அக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு நாள், "எதிர்வீட்டுக் கூரையில நானூத்திப் பன்னெண்டு ஓடுடா. ரெண்டு ஒடஞ்சிருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

மாமா அந்த அறைக்குள் வரவே மாட்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவார். நேராகத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய், அங்கேயே உடை மாற்றி, ஈரத் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வீட்டுக்குள் நுழைவார். பெரிய ஆபீசர் வீடு திரும்புகிற தோரணை என்று நான் மனதுக்குள் கறுவிக்கொள்வேன். அறை வாசல்வரை வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்று, "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்பார். அவள் தலையாட்டுவாள். அவர் போய்விடுவார். படுக்கை முன்னறையில். கட்டின பெண்டாட்டி இருமிக்கொண்டு கிடக்கிறாள், பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார மனசு வரவில்லையே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று வயிறு எரிந்தது எனக்கு. வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

குளிர் விட்ட முதல் வாரம். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு குளிர் இந்த ரூம்ல படுத்தேன்னா நான் எழுந்திரிக்க மாட்டேன்டா. நெஞ்சு நோவால சொல்லல. எனக்கு இங்க இருக்க முடியல."

திரும்பிப் பார்த்தேன். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். இடித்த புளி என்று சொல்வார்களே, அப்படி ஒரு ஆள்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவர் பேப்பரில் கடைசிப் பக்கத்து விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்தார். பழைய சோபா, பழைய சைக்கிள், பழைய பியானோ எல்லாவற்றுக்கும் நடுவில் எதையோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கோடை முடியும் நேரத்தில் எனக்குப் போன் வந்தது. அவர் எனக்குப் போன் செய்வதே அபூர்வம்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை வேன் கிடைக்குமா?"

"எதுக்கு மாமா?"

"கண்ணாடி வீடு ஒண்ணு வாங்கியிருக்கேன். செடி வளக்கறது. பழசுதான். பிரிச்சு எடுத்துட்டு வரணும்."

"என்ன செடி வளக்கப் போறீங்க?"

ஒரு கனைப்பு கேட்டது. "தக்காளி" என்றார்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். அவர் மனைவிக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம், அதனால் கண்ணாடி வீட்டைக் கொடுக்கிறார். மரச் சட்டம், அதில் எழுபத்திரண்டு கண்ணாடி. பல வருஷத்துப் பொருள். மரம் அங்கங்கே உப்பியும் இறங்கியும் கோணியும் இருந்தது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அந்தந்த ஓட்டைக்கு ஏற்ற மாதிரி புதிதாக வெட்டிப் போட்டிருந்தார்கள். பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. டேப் வைத்தால் ஒன்று கூட இன்னொன்றைப் போல இல்லை.

மாமா இதை வந்த ஐந்தாவது நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கழுத்தில் எப்போதும் தொங்கும் இன்ச் டேப்பை எடுத்து நாலு கண்ணாடியை அளந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தார். முன்பக்கம் ஒன்று, முன்பக்கம் இரண்டு, கூரை வலது ஏழு என்று ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் எழுதினார். அது உட்காரும் சட்டத்தில் அதே எண்ணைப் பென்சிலால் எழுதினார். துணியில் எழுதுகிற அதே சின்னக் கையெழுத்து. அதன் பிறகுதான் ஆணி பிடுங்க ஆரம்பித்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பல் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "இவ்வளவு பொறுமையா நானே புடுங்கினதில்ல" என்று சொன்னார். மாமா சிரிக்கவில்லை. அடுத்த கண்ணாடியைத் தூக்கிப் பேப்பரில் சுற்றினார்.

கொண்டுவந்து தோட்டத்துக் கொட்டகையில் ஆறு மரப்பெட்டிகளில் நிற்க வைத்தோம். கண்ணாடிக்குக் கண்ணாடி நடுவில் பேப்பர். மேலே தார்ப்பாய். அதற்கப்புறம் தினம் சாயங்காலம் செங்கல் அடித்தளம் போட்டார். மூலைக்கு மூலை அளந்து, பிரித்து, திரும்ப வைத்து, மூன்று நாள். அக்கா ஒரு செங்கல்லைத் தூக்க வந்தாள். "நீ தொடாத. தூசி" என்றார். தண்ணீர் ஊற்ற வந்தாள். "நீ உள்ள போ. காத்து" என்றார். ஒரு சாயங்காலம் சமையலறையில் அவள் உட்காரும் மர நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் நாலு காலையும் அளந்துகொண்டிருந்தார்.

"தக்காளிக்கு நாற்காலி எதுக்குங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அளவுக்கு" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். யாருக்காக இந்தக் கண்ணாடி வீடு என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. குளிர் காற்று வருவதற்குள் அது எழும்பி நிற்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அந்த அறைதான் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் தனக்காகக் கட்டும் வீட்டில் தன் கை படவே கூடாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த வியாழக்கிழமை மிச்சச் செங்கல்லை இறக்க வேனில் போனேன். மத்தியானம். மாமா வேலைக்குப் போயிருந்தார். கொட்டகை வாசலில் வெயிலில் மூன்று டப் தண்ணீர், ஆவி பறந்தது. அக்கா முகத்தில் மாஸ்க், கையில் பழைய லேப் கையுறை. ஒவ்வொரு கண்ணாடியாகப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து வாய்க்குள் ஏதோ சொல்லி, முதல் டப்பில் முக்கித் தேய்த்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் நனைத்து, சுவரில் சாய்த்துவைத்தாள். முணுமுணுப்பு பாட்டு மாதிரி கேட்டது. நாலு நாளாகத் தினம் மத்தியானம் இதுதான் நடந்திருக்கிறது. அன்றைக்குக் கடைசிப் பெட்டி.

"மாமா திட்டப் போறாரு" என்றேன்.

"எதுக்கு? இத்தனை வருஷத்து அழுக்கு. இதுக்குள்ள உக்காந்தா மூச்சு வருமா? வந்தவன் சும்மா நிக்காம தொடை."

நானும் துடைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கடைசி பன்னிரண்டு கண்ணாடியையும் நான்தான் துடைத்தேன். காய்ந்ததைப் பெட்டியில் வைக்கப் போனபோது மட்டும் அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "அதை நான் வச்சுக்கறேன். நீ தொடாத." அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாமாவுக்கு லீவு. காலையில் நானும் அவரும் சட்டங்களைத் தூக்கி நிறுத்தி முடுக்கினோம். எலும்புக்கூடு நின்றுவிட்டது. மத்தியானம் கண்ணாடி மாட்டலாம் என்று கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினார். முதல் கண்ணாடியை எடுத்தார். பளபளவென்று இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அப்புறம் அடுத்த பெட்டி. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

துணியில் போடுகிற சாக்பீஸ் எழுத்து தையல் முடிகிறவரை இருந்தால் போதும். அதன் பிறகு அது அழியத்தான் வேண்டும். முப்பத்தோரு வருஷம் அழிய வேண்டிய எழுத்தை எழுதிப் பழகிய கை, பெயின்ட்டால் எழுத வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அக்காவுக்கோ கண்ணாடி மேல் எது இருந்தாலும் அழுக்குதான். எழுத்து இருந்தால் அது கழுவிய கண்ணாடி இல்லை.

"நம்பர் எங்க?" என்றார்.

அக்கா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கழுவினேன்."

"நம்பர் எழுதியிருந்தேனே."

"கண்ணாடியில எழுதியிருந்தா கழுவத்தானே செய்வாங்க. சாக்பீஸும் தூசிதானே. ஆனா நான் வரிசையா..."

மாமா உள்ளங்கையைக் காட்டினார். "விடு" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. முகம் சுண்டிப்போய் முன்னறைக்குள் போய்விட்டார். அக்கா பாதி வார்த்தையோடு அங்கேயே நின்றாள். அப்புறம் அவளும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிடிவாதத்தில் எங்கள் குடும்பம் யாருக்கும் சளைத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் போவதற்குள் மனுஷன் எழுபத்திரண்டு கண்ணாடியையும் வெளியே எடுத்து, நாலு பக்கமும் அளந்து, அளவுவாரியாகப் பிரித்துத் தரையில் சாக்கு விரித்து அடுக்கியிருந்தார். கட்டிங் மேஜையில் சைஸ் பிரிப்பது மாதிரி. சின்னது இந்தப் பக்கம், நடுத்தரம், பெரியது. ஒரு நோட்டு முழுக்கக் கணக்கு. சமையலறை ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாட்ட ஆரம்பித்தோம். அளவு சரியாக இருக்கும், மூலை இடிக்கும். மூலை சரியாக இருக்கும், கீழே விரல் நுழைகிற சந்து விழும். நோட்டில் கணக்கு எல்லாம் ஒழுங்குதான். ஆனால் கோணிப்போன சட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. ஒரு கண்ணாடியை ஒன்பது ஓட்டையில் வைத்துப் பார்த்தோம், பத்தாவதில்தான் உட்கார்ந்தது. சாயங்காலம் வரை தலைகீழாய் நின்றும் மாட்டியது எட்டு. அடுத்த சனிக்கிழமையிலிருந்து குளிர் காற்று என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே புல் நுனியில் வெள்ளை கட்டியிருந்தது.

டீ குடிக்க உள்ளே போனேன். அக்கா டீயை எடுத்து வைத்தாள்.

"எதுக்கு எல்லாத்தையும் கலைச்சாரு?" என்றாள்.

"கலைக்காம என்ன பண்றது? நம்பரத்தான் நீ அழிச்சிட்டியே."

"நம்பர் போனா என்னடா? நான் வரிசை மாத்தவே இல்ல. எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வச்சேன். முதல் பெட்டியில முதல் கண்ணாடி முன்பக்கம் ஒண்ணு. லேப்ல கழுவும்போது லேபிள் போயிடும். அதனால வரிசைதான் லேபிள். வரிசையைத் தொட்டா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. அதைத்தான் நேத்து சொல்ல வந்தேன்."

நான் டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். "நேத்தே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேக்கட்டும்னு இருந்தேன். ஒரு தடவையாவது கேக்கட்டுமே."

பின்வாசல் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது. மாமா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. திரும்பிப் போய்க் கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்தார். எதிரில் அவரே பிரித்து அடுக்கிய கண்ணாடிகள். இந்தத் தடவை மேஜை ஆடியது என்று சொல்ல முடியாது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் எழுந்து ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"இது எங்க இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவர் அக்காவிடம் தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா கண்ணாடியைக் கையில் வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"மூலையில பச்சை பெயின்ட் ஒரு சொட்டு இருக்கு பாருங்க. எவ்வளவு தேச்சும் போகல. கூரை, இடது பக்கம், நாலு."

லேபிளைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பது அவர்கள் லேப் பழக்கமாம். நான் பாட்டு என்று நினைத்த முணுமுணுப்பு அதுதான். மாமா சட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண்ணைத் தேடிப் போய் வைத்தார். உட்கார்ந்தது.

அன்றிலிருந்து தினம் ஆறு மணியிலிருந்து எட்டு வரை அதுதான் வேலை. கோட்டும் மப்ளரும் மாஸ்க்குமாக அக்கா சமையலறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டுவேன். குமிழி இருக்கு, வலது பக்கம் ரெண்டு. கீழ ஓரம் கொஞ்சம் பேந்திருக்கு, பின்பக்கம் ஒம்போது. நடுவுல கீறல், கையில பட்டுச்சு, முன்பக்கம் ஆறு. மாமா வெளியே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு மாட்டிக்கொண்டே போவார். சிலதற்கு அவள் கண்ணை மூடி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னாள். சிலது தப்பாகவும் போனது. ஒன்பது கண்ணாடி அவளுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை, அதையெல்லாம் வைத்து வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒன்றை நான் முழங்கையால் இடித்து உடைத்தேன். பின்பக்கம் பதினொன்று. இன்றைக்கும் அங்கே பிளைவுட்தான் இருக்கிறது. அதைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசிக் கண்ணாடி உட்கார்ந்தது. கதவு இடுக்கில் ரப்பர் பட்டை அடித்தோம். நாலு மணிக்கு வடக்கேயிருந்து காற்று வந்தது. மரமெல்லாம் ஆடியது. உள்ளே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கதவை மூடினார் மாமா. சுடர் அசையவில்லை. அரை இன்ச் என்று பெயர் வைத்தவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே மூச்சு விட்டால் புகை. வெயில் மட்டும் நன்றாக அடித்தது. பத்து மணிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனோம். கண்ணாடி வீட்டுக்குள் போனதும் அவள் மப்ளரைக் கழற்றினாள். அப்புறம் கோட்டைக் கழற்றினாள். அவ்வளவு இதமாக இருந்தது. செங்கல் தரையில் சாக்பீஸால் நாலு சின்ன வட்டம். அவள் நாற்காலியின் நாலு காலும் அதில் சரியாக உட்கார்ந்தன. கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகை, அதில் ஆறு தொட்டி. உண்மையிலேயே தக்காளி நாற்று. உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டாள். இருமல் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

மாமா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நிலைப்படிக்கு வெளியே. அதே மாதிரி.

அக்கா வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். "உங்க நாற்காலி எங்க?" என்று கேட்டாள்.

"எனக்கெதுக்கு?"

"எதுக்கா? உக்கார."

"இருக்கட்டும். வேலை கிடக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?" அவள் குரல் ஏறியது. "சூரியனை உள்ள கொண்டாந்துட்டீங்க, சரி. அந்த ரூம்ல இருந்து தூக்கி இங்க உக்கார வச்சிட்டீங்க. இங்கயும் நான் ஒருத்தியாத்தான் உக்காரணுமா? நான் எழுந்திரிக்க மாட்டேன்னு சொன்னது வெயில் இல்லாமயா?"

மாமா தரையைப் பார்த்தார். கழுத்து டேப்பின் நுனியைச் சுருட்டினார், விட்டார், திரும்பச் சுருட்டினார்.

"எம்மேல பஞ்சு இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை.

"கட்டிங் ரூம்ல நாளெல்லாம் பஞ்சு பறக்குது. தலையில, காதுல, புருவத்துல எல்லாம். எவ்வளவு தட்டினாலும் போகாது. தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. நான் உள்ள வந்தா உனக்கு அன்னைக்கு ராத்திரி இருமல் ஜாஸ்தி. ரெண்டு நாள் பார்த்தேன். அதுக்கப்புறம் வரல."

"அதான் வாசல்லயே நின்னீங்களா? மூணரை மாசமும்?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல."

அக்கா தொட்டியில் ஒரு இலையைத் தொட்டாள். "நான் இருமறது உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சுட்டுப் படுத்திருந்தேன்" என்றாள். "எதிர்வீட்டு ஓடுங்கள எண்ணிக்கிட்டு."

கொட்டகையில் உடை மாற்றுவது, ஈரத் துண்டு, முன்னறைப் படுக்கை எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டும் ஞாபகம் வந்தது. மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவருக்கு வேறு இடமும் இல்லை, சுற்றிலும் கண்ணாடி.

"தம்பி," என்றாள் அக்கா, "அந்த மூணு டப்பையும் எடுத்துட்டு வா. வெந்நி போடு."

"எதுக்குக்கா?"

"பஞ்சுதானே. கழுவினா போயிடும்."

கொண்டுவந்து வைத்தேன். மாமா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, அவள் மடிக்கு நேரே தலையைக் குனிந்தார். அக்கா மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். கையுறை போடவில்லை. முதல் தண்ணீரில் சோப்பு போட்டுத் தலை, காது, புருவம் எல்லாம் தேய்த்தாள். இரண்டாவதில் அலசினாள். தண்ணீர் ஓடித் தரையிலிருந்த நாலு சாக்பீஸ் வட்டமும் அழிந்துபோனது.

மூன்றாவது தண்ணீரை நான் ஊற்றினேன். அப்புறம் சமையலறைக்குப் போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.